என்னத்துக்கு?

மட்டிக்களிச் சங்கக்கடையின் பின்பக்கம்
துருப்பிடித்த பீப்பா, கைப்பம்பு,
வாய் நெளிந்த தகரப் புனல்,
நான்.
பதினாறு வருஷமாக மண்ணெண்ணெய் அளக்கிறேன்.
சவர்க்காரம் தேய்ந்ததுதான் மிச்சம்,
விரலை விட்டுப் போகவில்லை வாசம்.
என் மகன் சோற்றுருண்டையை மணந்து பார்த்துத்தான்
வாய் திறப்பான்.

போத்தலை நீட்டினதும் கேட்பேன்:
என்னத்துக்கு?

எஞ்சினுக்கு, என்பார் செபமாலை.
பெற்றோலில் எழும்பும், இதில்தான் ஓடும்;
என்னைப்போல, பிள்ளை,
விடியற்புறம் ஒரு பால்தேத்தண்ணி,
பிறகு நாள் முழுக்க வெறுந்தேத்தண்ணி.

இன்பராசாவுக்குக் கால்போத்தல் போதும்.
முழங்கை வரை வள்ளத்து நீலம்,
நகத்துக்குள் பள்ளிக்கூடச் சுவரின் பச்சை.
கழுவிவிட்டுத்தான் கலியாண வீட்டுக்குப் போக வேணுமாம்.

கிண்ணியாவிலிருந்து மகளின் பேற்றுக்கு வந்த ஜெஸீமா
கட்டில் கால் நாலுக்கும் சிரட்டை வைத்திருக்கிறாள்.
எறும்பு, என்றாள். புதுப்பிள்ளை. பால் வாசத்துக்கு வருகுது.

பேனுக்கு என்று வந்தவளை மட்டும்
சீப்பு வாங்கச் சொல்லித் திருப்பி அனுப்பினேன்.

சிரிப்பார்கள். சங்கத் தலைவரே கேட்டார்:
நீர் என்ன, பொலிசா?

முன்பு நான் கேட்பதில்லை.
ஒரு செவ்வாய்க்கிழமை, மழை இருட்டு,
கரண்ட் இல்லை, எல்லோரும் வாங்கின நேரம்,
தவச்செல்வியும் வந்தாள்.
ஒரு போத்தல். சரியான காசு.
மூடியை இறுக்கு, சிந்தப்போகுது என்றேன்.
ஓம் அக்கா என்றாள்.
பெரியாஸ்பத்திரியில் நாலு நாள் கிடந்தாள்.

மூடியை இறுக்கு.
அதைத்தான் சொன்னேன், நான்.

பிறகு வரிசைக் காலம் வந்தது.
கான்களைக் கயிற்றில் கோத்து
ஆட்கள் றோட்டிலே படுத்தார்கள்.
சீனக்குடாக் காட்டுக்குள்
வெள்ளைக்காரன் விட்டுப்போன எண்ணெய்க் குதங்கள்
மதம் இறங்கின யானைகளாய் நிற்க,
இங்கே தலைக்கு மூன்று லீற்றர்.
அப்போதும் கேட்டேன்.
பசியோடு நிற்பவனைக் கேட்கக்கூடாத கேள்வி அது.
தெரியும்.

பீப்பா காய்ந்த கிழமைகளில் மெழுகுதிரி விற்றேன்.
இதுவும் அதுவும் ஒரே நிலத்தெண்ணெயின் பிள்ளைகள்தானாம்,
ஒன்று ஓடும், ஒன்று உறையும்.
கார்த்திகையில், ஆன்மாக்கள் திருநாளுக்கு மறுநாள்
றெக்சன் என்ற பொடியன் வந்தான்,
பால்மா ரின்னுக்குள் மெழுகுக் கட்டி:
சேமக்காலையில் சுரண்டி உருக்கினது.
என்னத்துக்கு?
பைக்குச் சிப் இழுபடுதில்லை, என்று
பல்லுப் பல்லாய்த் தேய்த்தான்.
சர்ரென்று ஓடியது.
ஆற்றை கல்லறை மெழுகடா?
தோளை உயர்த்தினான்.
எல்லாற்றையும் கலந்தாச்சு.

நேற்று ஒருத்தி. புதுமுகம்.
அரைப்போத்தல், என்றாள்.
என்னத்துக்கு?
பதில் இல்லை.
திரும்பக் கேட்டேன்.
காசு தாறன்தானே, உமக்கென்ன?

பம்புக் கைபிடி பாதியில் நின்றது.
பின்னால் யாரோ, கெதியா அக்கா, என்கிறார்கள்.
பீப்பாவைப் பூட்டினேன். திறப்பு இடுப்பில்.
போத்தலை நானே தூக்கிக்கொண்டு
அவளுக்குப் பின்னால் நடந்தேன்.
வெட்கமாகத்தான் இருந்தது.
இரண்டு ஒழுங்கை, ஒரு நாய், தகரக் கதவு.

உள்ளே
கழுவி வடித்த அரிசி.
திரி காய்ந்த அடுப்பு.
சோத்துக்கு! என்றாள்,
விசரியைப் பார்க்கிறமாதிரி என்னைப் பார்த்து.

வாசலில் நின்றேன்.
அவள் ஊற்றினாள், திரியை உயர்த்தினாள்,
தீப்பெட்டி ஈரம், மூன்றாவது குச்சியில்தான் பிடித்தது.
முதலில் மஞ்சள், புகை.
நீலமாகும்வரைக்கும் நின்றேன்.